நீலம் ஏறிய பாதி

எனக்குத் தலைக்கனம் உண்டு என்று எங்கள் லேபில் எல்லோரும் சொல்வார்கள். உண்டுதான். இருபத்திரண்டு வருடங்களாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுகிறேன். நான் கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்டும் இதுவரை தப்பென்று திரும்பி வந்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் காதுபடவே சொல்வார்கள். நானும் திரும்பிப் பார்த்து "என்ன வேணும்?" என்று கேட்பேன்.

எங்கள் லேப் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. நீளமாக ஒரு மேசை, மூன்று மைக்ரோஸ்கோப்புகள், ஒரு இன்குபேட்டர், முட்டுக்கொடுத்தால்தான் கதவு மூடுகிற ஒரு ஃப்ரிட்ஜ். வசதியான இடங்களில் அணுக்களை வரிசையாக ஓடவிட்டு எண்ணும் மெஷின் இருக்கிறதாம். எங்களிடம் கண் இருக்கிறது.

இங்கே பழைய பழக்கம் ஒன்று உண்டு. சில டெஸ்ட்டுகளில் நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்குப் பெயர் கண்ட்ரோல். டெஸ்ட் செய்கிறவர் தன் விரலையே குத்திக்கொண்டு ஒரு சொட்டு எடுத்துக்கொள்வார். யாரையும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. என் இடது கை விரல் நுனிகள் சல்லடையாக இருக்கும். என் ரத்தம் எப்போதும் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே வரும் என்று நான் பீற்றிக்கொள்வதும் பழக்கம்தான். மேசைக்கு மேலே சுவரில் லேபின் தலைவரான பெரிய டாக்டர் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்: 'கண்ட்ரோல் தவறினால் டெஸ்ட்டே தவறு. குப்பையில் போடவும்.'

இந்தக் கதை என் தங்கையின் மகனைப் பற்றியது. நாலு வயது. பெரியவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதால் நான் அவனை மேனேஜர் என்று கூப்பிடுவேன். ஊசியோடு யார் வந்தாலும் "எதுக்கு?" என்பான். பதில் திருப்தியாக இருந்தால்தான் கையை நீட்டுவான்.

அவனுக்கு ஒரு வயதில் பாதத்தில் சீழ்க்கட்டி. இரண்டு வயதில் கழுத்தில் நெறி கட்டி உடைந்தது. போன வருடம் நுரையீரல். இப்போது ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ். மூன்று வாரமாகக் குழந்தைகள் வார்டில் கிடந்தான். ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்தால் சரியாகும், வீட்டுக்குப் போவான், சில மாதத்தில் இன்னொரு இடத்தில் கிளம்பும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரியவில்லை என்பது சரியில்லை. தங்கையின் நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

நாத்தனார் லாண்டரி நடத்துகிறவர். வெள்ளைத் துணியில் ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. கெட்டவர் இல்லை, மூன்று வாரமும் தவறாமல் வந்து மேனேஜரின் படுக்கை விரிப்பை மாற்றியவர் அவர்தான். புதன்கிழமை மத்தியானம் நான் வார்டுக்குப் போனபோது படுக்கையின் கால்மாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தங்கை புருஷன், டயர் கடையில் வேலை பார்க்கிறவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலை. என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரு கொப்புளம் கூட வந்ததில்ல. இவனுக்கு மூணு வருஷத்துல நாலு தடவை. வீட்டுல சுத்தபத்தம் சரியில்லைன்னுதானே அர்த்தம்? வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் பண்றாங்க. நேரா எங்க வீட்டுக்கு வரட்டும். நான் பாத்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு அண்ணி?" என்று தங்கை கேட்டாள்.

"அவன் நல்லா ஆகுற வரைக்கும். நீ ஞாயித்துக்கிழமையில வந்து பாத்துட்டுப் போ. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

தங்கை தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்ச நாள்தானே" என்றார். தம்பதி இருவரும் முந்தின நாளே பேசி முடித்துவிட்டார்கள், அதாவது அவர் பேசி இவள் அழுது முடித்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

எனக்கு வாய்வரை வந்தது. என் வாயைத் தெரிந்தவர்கள் அன்று நான் பேசாமல் நின்றதை நம்பமாட்டார்கள். கையில் கோபம் இருந்ததே தவிர ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆதாரமில்லாமல் நான் வாயைத் திறப்பதில்லை.

வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீ கிருமியெல்லாம் படிச்சவ. நிஜத்தைச் சொல்லு. நான் எங்கேயாவது சரியா கழுவாம விட்டுட்டேனா?"

அவள் கை உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. அவள் தையல்காரி. மூன்று வருடமாக ஒவ்வொரு முறை அவனைத் தொடுவதற்கு முன்பும் சோப்பு, தொட்ட பின்பும் சோப்பு. விரல் மடிப்புகளில் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. "வழுவழுன்னு இருக்கற துணி இப்போல்லாம் தைக்க வாங்கறதில்ல. நூல் விரல்ல மாட்டி இழுத்துடுது" என்று சொல்லியிருந்தாள். இந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒருத்தர் சுத்தம் போதாது என்கிறார்.

அன்றே குழந்தைகள் டாக்டரம்மா லேபுக்கு இறங்கி வந்தார். இளவயதுக்காரர், கெட்டிக்காரர். மற்ற டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள், இவர் நேரில் வந்து ஸ்டூலில் உட்காருவார்.

"உங்க தங்கச்சி பையனோட வெள்ளை அணுக்களை எல்லாரும் எண்ணிட்டோம். எண்ணிக்கை சரியா இருக்கு. ஆனா அதுங்க வேலை செய்யுதான்னு யாரும் பாக்கலை. சாயம் வச்சு ஒரு டெஸ்ட் உண்டே, உங்களுக்குத் தெரியுமா?"

"படிக்கிறப்போ கத்துக்கிட்டேன். இங்க யாருக்கும் தேவைப்பட்டதில்ல."

"அது மட்டும் காட்டிக் குடுத்துட்டா தினமும் குடுக்கற மருந்து ரெண்டு இருக்கு. சீழ் வராம தடுக்கலாம். அப்புறம் மஜ்ஜை மாத்தறதைப் பத்தியும் யோசிக்கலாம். இல்லேன்னா இப்போ இருக்கற மாதிரியே வீட்டுக்கு அனுப்பிட்டு அடுத்த கட்டி எங்க வரும்னு காத்திருக்கணும். அடுத்த தடவை என்னால எதையும் சொல்ல முடியாது."

வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடுகிறேன் என்றேன். வீட்டுச் சங்கதி அவருக்குத் தெரியாது. ஏன் வெள்ளிக்கிழமை என்று அவரும் கேட்கவில்லை.

வெள்ளை அணுக்களில் இந்த விழுங்கும் அணுக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவேன். நம் உடம்புக்குள் கிருமி, தூசி, செத்த அணு எது வந்தாலும் அதைச் சுற்றி வளைத்து அப்படியே விழுங்கிவிடுவதற்கென்று ஒரு பட்டாளம் இருக்கிறது. சிலர் ரத்தத்தில் ரோந்து போவார்கள். சிலர் ஈரலில், மண்ணீரலில், நுரையீரலில், எலும்பு மஜ்ஜையில் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழுங்குவது பாதி வேலைதான். விழுங்கியதை உள்ளேயே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு அவர்களே வயிற்றுக்குள் ஒரு நெருப்பை மூட்டிக்கொள்வார்கள். அந்த நெருப்பு இல்லாவிட்டால் விழுங்கிய கிருமி உள்ளேயே உயிரோடு இருக்கும், அந்த இடம் சீழாகும். அந்த டெஸ்ட்டில் நாங்கள் ஊற்றும் வெளிர்மஞ்சள் சாயம் நெருப்பு இருக்கும் இடத்தில் கருநீலமாக மாறும். நெருப்பு இல்லையென்றால் நீலம் இல்லை.

சாயப் புட்டி ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில் கிடந்தது. காலாவதி தேதி தாண்டி இரண்டு மாதம். புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார் கிடங்குக்காரர். அணுக்களுக்குத் தின்னக் கொடுக்க எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரிக்குப் போய் ஈஸ்ட் வாங்கி வந்தேன். ரொட்டி உப்புவதற்குப் போடுகிற அதே ஈஸ்ட். கொதிக்கவைத்துக் கொன்று, கழுவி, ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் ஊறவைத்தால் விழுங்கணுக்களுக்கு அதைவிட ருசியான தீனி கிடையாது. "வீட்டுல விசேஷமா?" என்றார் பேக்கரிக்காரர். "விருந்துதான்" என்றேன்.

வியாழக்கிழமை காலை மேனேஜரிடம் போனேன்.

"எதுக்கு?"

"உன் ரத்தத்துல இருக்கற ஆளுங்களுக்குப் பரீட்சை வைக்கப் போறேன்."

கொஞ்சம் யோசித்தான். "அவங்க படிச்சிருக்காங்களா?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்."

கையை நீட்டினான்.

ரத்தச் சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து இன்குபேட்டரின் சூட்டில் அரைமணி நேரம் விட்டால் விழுங்கணுக்கள் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவினால் சிவப்பு அணுக்கள் அத்தனையும் ஓடிப்போகும், இவர்கள் மட்டும் அசையாமல் நிற்பார்கள். அதற்குமேல் ஈஸ்ட்டும் சாயமும் ஊற்றி மறுபடியும் சூட்டில் வைக்க வேண்டும். கண்ட்ரோலுக்கு என் விரலைக் குத்தி என் சொட்டையும் பக்கத்திலேயே வைத்தேன். இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம், கை யோசிக்கவில்லை. அன்று செய்த தப்பு அதுதான். அப்போது அது தப்பென்று தெரியவில்லை.

முதலில் மேனேஜரின் ஸ்லைடைப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நூறு அணுக்களை எண்ணினேன். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நாலு, ஐந்து ஈஸ்ட் உருண்டைகள். ஒன்றும் வெறும் வயிறோடு இல்லை. நீலம் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. நூற்றுக்குச் சைபர்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. முறைப்படி என் ஸ்லைடையும் எண்ண வேண்டுமே என்று அதை வைத்தேன். என் ரத்தம்தானே, நூறும் நீலமாக இருக்கும், ஐந்து நிமிட வேலை.

நாற்பத்தெட்டு.

மறுபடியும் எண்ணினேன். நாற்பத்தெட்டு நீலம், ஐம்பத்திரண்டு வெறுமை. கண்ட்ரோல் தவறிவிட்டது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சுவரைக் காட்டினார். "நான் எழுதினதுதான். சாயம் செத்துப்போச்சு. குப்பையில போடு. புது சாயம் வந்ததும் செய்யலாம்."

"மூணு வாரம் ஆகும் சார்."

"ஆகட்டும். தப்பான ரிப்போர்ட் குடுக்கறதைவிட ரிப்போர்ட் குடுக்காம இருக்கறது மேல். இதை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான்."

அவர் சொன்னது சரி. வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் நானே குப்பையில் போட்டிருப்பேன். மூன்று வாரத்தில் மேனேஜர் நாத்தனார் வீட்டில் இருப்பான். என் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கதவைத் தட்டுவாள். போன பிள்ளையைத் திரும்ப வாங்குவது அனுப்பாமல் வைத்துக்கொள்வதைவிடக் கஷ்டம்.

குப்பைக்கூடையில் போடக் கையில் எடுத்த என் ஸ்லைடை மறுபடியும் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். பிடிவாதம்தான் காரணம். என் கை செய்த வேலை தவறாது என்ற திமிர். அந்தத் திமிரோடு பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது.

"சார், இங்க வாங்க. சாயம் செத்திருந்தா எல்லா அணுவும் ஒரே மாதிரி மங்கலாத்தானே இருக்கணும்? இதைப் பாருங்க. இவன் மசி மாதிரி கருநீலம். அவனை ஒட்டிக்கிட்டு இருக்கற பக்கத்து ஆளு சுத்தமா வெறுமை. ரெண்டும் ஒரே சாயத்துலதான் கிடந்துது. செத்த சாயத்துக்கு ஆள் பாத்துப் பிடிக்கத் தெரியுமா?"

அவர் குனிந்தார். இந்த முறை நிமிர வெகுநேரம் ஆனது. "விசித்திரமா இருக்கு" என்றார்.

"உங்க விரலைக் குடுங்க."

"என்னது?"

"கண்ட்ரோல் தவறினா வேற கண்ட்ரோல். விரலை நீட்டுங்க சார்."

முப்பது வருடமாகப் பிறத்தியார் ரத்தத்தைப் பார்க்கிறவர், தன் ரத்தத்தைப் பார்க்கத் தாங்கமாட்டார் என்பது எங்கள் லேபின் பகிரங்க ரகசியம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தான் எழுதி ஒட்டிய வாசகத்துக்கு நேராகவே நின்று விரலை நீட்டினார். குத்தி முடித்த பிறகும் "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று பேரின் சொட்டுகளையும் புதிதாக வைத்து, அதே பழைய சாயத்தை ஊற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. எண்ணுவதை அவரையே செய்யச் சொன்னேன், என் கண்ணில் ஆசை புகுந்திருக்கலாம் என்பதால். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெரிய டாக்டர், தொண்ணூற்றெட்டு. மேனேஜர், சைபர். நான், ஐம்பத்தொன்று.

"உங்ககிட்ட ரெண்டே ரெண்டு சோம்பேறிங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பையன் உனக்கு என்ன உறவு?"

"தங்கச்சி மகன்."

"கூடப் பொறந்த தங்கச்சியா?"

"ஒரே அம்மா வயித்துல பொறந்தவ" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

புரிந்தது இதுதான். அந்த நெருப்பை மூட்டுவதற்கான செய்முறையைப் பெண்ணுக்கு இரண்டு பிரதிகளாகக் கொடுத்திருக்கிறது இயற்கை. ஒவ்வொரு அணுவும் அதில் ஒன்றை மட்டும்தான் திறந்து படிக்கும். ஒரு பிரதியில் பிழை இருந்தால், அதைப் படிக்கும் பாதி அணுக்களுக்கு மூட்டத் தெரியாது. மற்ற பாதி சமாளித்துவிடும், அவளும் தெரியாமலே ஆயுசுக்கும் வாழ்ந்துவிடுவாள். ஆண்பிள்ளைக்கு ஒரே பிரதி, அதுவும் அம்மா கொடுப்பது. பிழையான பிரதி அவனுக்கு வந்துவிட்டால் மாற்றுக் கிடையாது. எங்கள் அம்மாவிடமிருந்து பெண்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பிழை வந்திருக்கிறது. தங்கையிடமிருந்து மேனேஜருக்குப் போயிருக்கிறது. நோயாளியின் சொந்தப் பெரியம்மாவின் ரத்தத்தைக் கண்ட்ரோலாக வைத்தேன். வேறு எந்த ஊழியரின் விரலைக் குத்தியிருந்தாலும் நூறும் நீலமாக வந்து டெஸ்ட் காலையிலேயே முடிந்திருக்கும்.

பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். என்னோடதைக் கண்ட்ரோலா எழுதி, பையனோட ரிப்போர்ட்டை மட்டும் குடுத்துடலாம். உன்னுதைக் கிழிச்சுப் போட்டுடறேன். உங்க வீட்டுப் பொண்ணுங்க விஷயம், வெளிய தெரியணும்னு இல்ல."

நல்ல மனதோடு சொன்னார். ஒரு நொடி எனக்கும் சபலம் தட்டியது. நாத்தனாரின் கையில் இன்னொரு பிரம்பைக் கொடுக்கப் போகிறோமோ என்று பயமாக இருந்தது. அழுக்கு என்று சொன்னவர் இனி ரத்தமே அப்படி என்பார்.

"வேண்டாம் சார். எழுதுங்க. தேதி போன சாயத்துல செஞ்ச டெஸ்ட்டுன்னு நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாம இருக்கணும்னா பாதி நீலமும் இருக்கணும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கும் என்னைக்காவது பாக்கணும்."

என் பாதி அணுக்கள் உதவாதவை என்று தெரிந்த அந்த மத்தியானம், வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என் கை தவறவில்லை, என் கண் தவறவில்லை. பழுதான ரத்தத்தை வைத்துக்கொண்டே பழுதைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவ்வளவு பெருமை எனக்கு அதுவரை வந்ததில்லை.

தங்கையின் சொட்டை எடுக்க வார்டுக்குப் போனேன். மேனேஜர் உடனே எழுந்து உட்கார்ந்தான். "அம்மாவுக்கு எதுக்கு?" அம்மாவின் ஆட்களுக்கும் பரீட்சை என்றேன். "நான் பாஸா?" என்றான். அவன் அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தங்கையை லேபுக்கு அழைத்து வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடமிருந்து நமக்கு, உன்னிடமிருந்து அவனுக்கு என்பதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து, தையல்காரி ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதைப் போல ஒரு கண்ணைச் சுருக்கி லென்ஸில் பார்த்தாள்.

"இது யாருது?"

"உன்னோடது. நூத்துக்கு முப்பத்தொம்பது நீலம்."

"உனக்கு?"

"ஐம்பத்தொண்ணு."

"எதுலயும் உனக்குத்தான் ஜாஸ்தி மார்க்கு" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் கேலி பேசிக் கேட்டேன்.

மேனேஜரின் ஸ்லைடை வைத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். "உள்ள உருண்டை உருண்டையா இருக்கே, அதுதான் கிருமியா?"

"கிருமிக்குப் பதிலா நான் போட்ட ஈஸ்ட்டு."

"எல்லாத்துலயும் இருக்கு."

"ஆமா. ஒருத்தன்கூடப் பின்வாங்கலை. முழுங்கத் தெரியுது, ஓடிப்போய்ப் பிடிக்கத் தெரியுது. மூட்டறதுக்கு நெருப்புதான் இல்ல."

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "கையில ஒண்ணும் இல்லாமலேயே சண்டைக்குப் போயிருக்காங்க, அக்கா. நாலு வருஷமா."

"உன் பிள்ளைதானே" என்றேன். என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. லேபில் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டில் எல்லோரும் இருந்தோம். நாத்தனார் மேனேஜரின் உடைகளைத் தேய்த்து மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார், தன் வீட்டுக்கு எடுத்துப்போக. டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். இந்தக் கிருமிகள் எல்லோருடைய தோலிலும், எல்லோருடைய வீட்டிலும் இருக்கின்றன. மற்றக் குழந்தைகளின் அணுக்கள் எரித்துவிடும், இவனுடையவை எரிக்காது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்த்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். இனி தினமும் இரண்டு மருந்து, ஆயுசுக்கும், இல்லையென்றால் பொருத்தமான மஜ்ஜை கிடைத்து மாற்றும் வரை. காய்ந்த சருகு, மக்கிய குப்பை பக்கம் விடக்கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றே இங்கே வர வேண்டும். அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் இதன் பாதி அடையாளம் இருக்கிறது, அதனால்தான் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது என்றார்.

நாத்தனார் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார். "அப்போ இது இவகிட்டேயிருந்துதான் வந்திருக்கு."

நான் பயந்தது வந்துவிட்டது. இப்போது என் கையில் ஆதாரம் இருந்தது, வாயும் தயாராக இருந்தது. அதற்குள் தங்கை எழுந்து நின்றாள்.

"ஆமா அண்ணி. என்கிட்டேயிருந்துதான் வந்துது. என் ரத்தத்துலேருந்து. என் கையிலேருந்து வரலை."

அதட்டவில்லை, அழவில்லை. துணியின் அளவைச் சொல்கிற குரலில் சொன்னாள். மேனேஜர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "பெரியம்மா, நான் பாஸா, இல்லையா?"

"முழுங்கறதுல நூத்துக்கு நூறு" என்றேன். "மிச்சத்துக்கு டியூஷன் வைக்கறோம்."

டாக்டரம்மா மருந்துச் சீட்டையும் இரண்டு புட்டிகளையும் எடுத்து நீட்டினார். பழக்கதோஷத்தில் நாத்தனாரின் கைதான் முதலில் முன்னே வந்தது. வார்டில் எந்தப் பொருளையும் வாங்கிவைப்பவர் அவர்தானே.

"அவ கையில குடுங்க டாக்டர்" என்றார் தங்கை புருஷன். மூன்று வாரத்தில் அவர் தரையிலிருந்து கண்ணை எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "பிள்ளையோட அம்மா அவதான். எங்க வீட்டுக்குத்தான் போறான்."

நாத்தனார் கையை இழுத்துக்கொண்டார். பிறகு துணிப் பையை எடுத்து, ஒரு சுருக்கமும் இல்லாத அந்த உடைகளோடு, தங்கையின் பக்கத்தில் வைத்தார்.

தங்கை வெடித்த இரண்டு கைகளையும் நீட்டிச் சீட்டையும் புட்டிகளையும் வாங்கிக்கொண்டாள்.